மணப்பெண்ணுக்கு இடப்புறம் மூன்றடி

ஏகாம்பரத்துக்குக் கை நடுங்கும். குடிப்பழக்கம் கிடையாது, வியாதி கிடையாது. அவருடைய அப்பாவுக்கும் நடுங்கியது. அப்பா அரிசி ஆலையில் மூட்டை எடை போட்டதால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மகன் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கப் போனதுதான் தொல்லையாகிவிட்டது. ஏகாம்பரம் எடுத்த ஆல்பங்களில் மாப்பிள்ளைக்கு இரண்டு ஜோடி மீசை இருக்கும் என்று காங்கேயம் வட்டாரத்தில் ஒரு பேச்சு இருந்தது.

இதைக் கேட்டுக் கேட்டு மனம் பொறுக்காமல், அவர் மனைவி சுகந்தியின் தங்கை நிரஞ்சனா கோயம்புத்தூரிலிருந்து ஒரு கேமராவை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் கேமரா தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பொறியாளர். அது இன்னும் கடைக்கு வராத சோதனை மாடல். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது, கொஞ்சம் கனம்.

“நடுக்கத்தைச் சரி பண்ற வசதி என்ற பழைய கேமராவுலயும்தான் இருக்குது,” என்றார் ஏகாம்பரம்.

“அதுல உள்ள இருக்கற சென்சார் மட்டும் மயிரிழை அளவுக்கு நகரும் மாமா. உங்க கை இடது பக்கம் போனா அது வலது பக்கம் போகும். சாதாரண நடுக்கத்துக்கு அது போதும். உங்க நடுக்கத்துக்கு சென்சார் கேமராவை விட்டு வெளிய வந்து நடமாடணும். இதுல கேமரா முழுசாவே நிக்கும். அந்தக் காலண்டர்ல இருக்கற முருகனைப் பார்த்து பட்டனைப் பாதி அமுக்குங்க.”

அமுக்கினார். கேமரா அந்தரத்தில் நின்றது. கையை எடுத்துப் பார்த்தார், விழவில்லை. பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. ஈரத்துண்டோடு அந்தப் பக்கம் வந்த சுகந்தி ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு, துண்டை உதறி அதன் மேல் காயப்போட்டாள்.

“உள்ள சின்னச் சின்னச் சக்கரம் சுத்துது. அதுக்கு மேல சொன்னா என்ற வேலை போயிரும்,” என்றாள் நிரஞ்சனா. “எதிர்ல இருக்கற முகத்தைப் புடிச்சுக்கும். முகத்துக்கும் கேமராவுக்கும் நடுவுல தூரமும் மாறாது, கோணமும் மாறாது. படம் எடுத்ததும் தானா விட்டுரும்.”

துண்டை எடுத்துவிட்டுப் பட்டனை முழுதாக அமுக்கினார். ஷட்டர் ஒரு விநாடி முழுக்கத் திறந்திருந்தது. எந்தப் படக்காரரும் கையில் பிடித்துக்கொண்டு எடுக்கத் துணியாத படம் அது. திரையில் பார்த்தபோது மயில் இறகின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. ஏகாம்பரம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அடுத்த முகூர்த்தத்தில் மதிவதனியின் கல்யாணம் வந்தது. மதிவதனி கால்நடை மருத்துவர். மாப்பிள்ளை நந்தகோபாலுக்குச் சொந்தமாகக் கொப்பரைக் களம். பெரிய மண்டபம், இரண்டு ஊர் சனம். காலையில் அலங்கார அறையில் ஏகாம்பரம் நுழைந்தபோது அறை மங்கலாக இருந்தது. ஃபிளாஷ் போட்டால் முகம் வெளுத்துத் தெரியும் என்று அலங்காரம் செய்கிற பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முன்பென்றால் ஏகாம்பரத்துக்கு வியர்த்திருக்கும். இப்போது அவர் புன்னகையோடு ஷட்டரை ஒரு விநாடிக்கு வைத்தார். கேமராவோடு வந்த பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். மணப்பெண்ணின் இடது கன்னத்துக்கு மூன்றடி தள்ளி நின்று பாதி அமுக்கினார். கேமரா முகத்தைப் பிடித்துக்கொண்டது. முழுதாக அமுக்கினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. படம் விழவில்லை.

“கொஞ்சம் அசையாம இருங்கம்மா.”

“அசையாமத்தானுங்க இருக்கறேன்,” என்றாள் மதிவதனி. உண்மையில் சிலைபோலத்தான் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது அவளுடைய ஃபோன் அடித்தது. வேலாங்காட்டில் மாடு வைத்திருக்கும் ரங்கநாயகி. “டாக்டரம்மா, இன்னிக்குக் கல்யாணம்னு தெரியுமுங்க. தெரிஞ்சும் கூப்படறேன்னாப் பாத்துக்குங்க. எருமைக்குக் கன்னு வர மாட்டேங்குது. வேற டாக்டரு எல்லாம் உங்க கல்யாணத்துலதான் இருக்கறாங்க.”

மதிவதனி எழுந்தாள். கேமராவும் எழுந்தது. ஏகாம்பரத்தின் வலது கை வெடுக்கென்று மேலே போனது. “பாத்ரூம் போயிட்டு வந்தர்றேன்,” என்று அலங்காரப் பெண்ணிடம் சொல்லிவிட்டு அவள் வேகமாக நடந்தாள். படக்காரரும் கூடவே போனார். அந்தப் பெண் பவுடர் பஞ்சைக் கையில் பிடித்தபடி வாய் திறந்து நின்றாள்.

பட்டையைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை. நிறுத்து பொத்தானை அமுக்கிப் பார்த்தார், கேமரா மதிக்கவில்லை. சமையற்கட்டு வழியாகப் போனபோது கேசரி கிண்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பட்டுச்சேலையும் நகையுமாக மணப்பெண் பின்வாசலை நோக்கிப் போகிறாள். பக்கத்திலேயே படக்காரர் ஒரு கையை நீட்டியபடி குதித்துக் குதித்துப் போகிறார். அவர் பார்த்தது அவ்வளவுதான். ஆனால் அந்தச் சேதி மண்டபத்துக்குள் போய்ச் சேர்ந்தபோது அதில் காதல் கலந்திருந்தது.

“ஏனுங்க, நீங்க எதுக்கு எங்கூட வர்றீங்க?” என்று மதிவதனி கேட்டாள்.

“நான் வரலைங்க. கேமரா வருது. நான் அதுகூட வர்றேன்.”

அவள் என்ன ஏது என்று திரும்பிப் பார்த்தாள். முகம் திரும்பியதும் கேமரா அவளைச் சுற்றி அரைவட்டம் போட்டது. ஏகாம்பரம் ஒரு அண்டாவில் முட்டிக்கொண்டார்.

“திரும்பாதீங்கம்மா. நேராவே பாருங்க.”

பின்னால் வாழையிலை இறக்கிவிட்டு ஒரு குட்டியானை வேன் நின்றிருந்தது. ஓட்டுநர் இல்லாமலே ஓடுகிற வண்டிகள் வந்துவிட்ட காலம்தான். இருந்தாலும் வாழையிலைக்காரர் பழைய வண்டியைத்தான் வைத்திருந்தார், சாவியையும் அதிலேயே விட்டிருந்தார். மதிவதனி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவளுக்கு இடப்புறம் மூன்றடி என்பது சரியாகப் பக்கத்து இருக்கையாக இருந்தது. ஏகாம்பரம் ஜன்னல் வழியாகத் தலைகுப்புற உள்ளே போய்ச் சேர்ந்தார்.

கேமராவின் அடியில், கோளாறு ஏற்பட்டால் அழைக்கவேண்டிய எண் ஒட்டியிருந்தது. மதிவதனியின் ஃபோனிலிருந்து அழைத்தார்கள். எடுத்தது நிரஞ்சனாதான்.

“மாமா, நீங்களா? படம் எடுத்தீங்கன்னா அதுவே விட்டுருமே.”

“எடுக்க மாட்டேங்குது. சிவப்பாவே எரியுது.”

“அப்படின்னா எதிர்ல இருக்கறவங்க அசையறாங்க.” கொஞ்சம் தயங்கினாள். “நம்ம கேமரா புடிக்கறவங்க நடுக்கத்தைத்தான் மாமா சரி பண்ணும். எதிர்ல இருக்கறவங்க நடுக்கத்தை எந்தக் கேமராவாலயும் சரி பண்ண முடியாது. மங்கலான படம் எடுத்து உங்களுக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுன்னு, அவங்க முகம் ஒரு விநாடி நிக்கற வரைக்கும் காத்திருக்கற மாதிரி வச்சிருக்கறேன்.”

“நிறுத்து பொத்தான் வேலை செய்யலையே?”

“பாதியில நிறுத்தினா கேமரா யார் தலையிலயாவது விழுந்துரும்ல. பட்டையும் அதுக்குத்தான்.”

“பேட்டரி எப்பத் தீரும்?”

“நாளன்னிக்கு,” என்றாள் நிரஞ்சனா, கொஞ்சம் பெருமையாகவே.

மதிவதனி வண்டியை ஓரம் கட்டினாள். “ஒரு விநாடிதானுங்களே, நிக்கறேன், எடுங்க.” மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு. கண்ணை மூடினாள். இமை துடித்தது; சிவப்பு. ஏகாம்பரம் தன் தொழிலில் கற்ற எல்லா வித்தையையும் காட்டினார். “புடிச்ச சாப்பாட்டை நெனச்சுக்குங்க.” நினைத்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாததால் தாடை ஆடியது. “புடிச்ச மனுசங்களை நெனச்சுக்குங்க. மாப்பிள்ளையை நெனச்சுக்குங்க.”

கேமரா சிவப்பிலிருந்து கருஞ்சிவப்புக்கு மாறியது. அப்படி ஒரு நிறம் அதில் இருப்பது ஏகாம்பரத்துக்கு அதுவரை தெரியாது.

மதிவதனி மறுபடி வண்டியை எடுத்தாள். சாலை பிரியும் இடங்களில் அவளால் பக்கவாட்டில் பார்க்க முடியவில்லை. திரும்பினால் ஏகாம்பரம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போவார். அதனால் அவர்தான் எட்டிப் பார்த்து, லாரி வருகிறது, பால்வண்டி வருகிறது, இப்போது போகலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனபின் மெதுவாகக் கேட்டார்.

“மாப்பிள்ளையைப் புடிக்கலைங்களா?”

“அவரைத் தெரியவே தெரியாதுங்க. நான் சரின்னே சொல்லலை.” அவள் நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டு பேசினாள். “ஒரு நாள் ஒரு மாட்டுக்குக் கன்னு கால் மடங்கி நின்னுருச்சு. என்ற கை தோள் வரைக்கும் உள்ள இருக்குது. அம்மா ஃபோன் பண்ணாங்க. கயித்தைப் புடிச்சிருந்தவரு ஃபோனை என்ற காதுல வச்சுட்டு, ‘இழுத்தரலாமுங்களா’ன்னு கேட்டாரு. நான், ‘சரி சரி, தள்ளிப் போடாதீங்க, உடனே பண்ணுங்க’ன்னு சொன்னேன். அந்தப் பக்கம் அம்மா மாப்பிள்ளையைப் பத்திக் கேட்டுட்டு இருந்திருக்காங்க.”

ஏகாம்பரம் அவளைப் பார்த்தார். “அப்புறமாவது சொல்லியிருக்கலாமுங்களே.”

“சாயங்காலம் ஊட்டுக்குப் போறதுக்குள்ள தெருவெல்லாம் லட்டு குடுத்து முடிச்சுட்டாங்க. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். மறுநாளே மண்டபம் புடிச்சுட்டாங்க. இப்படியே ஒவ்வொரு நாளா...”

வேலாங்காட்டில் ரங்கநாயகி தொழுவத்து வாசலிலேயே நின்றிருந்தார். பட்டுச்சேலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், படக்காரரைப் பார்த்து இன்னொரு கும்பிடு போட்டார். “கூட்டத்தோட வந்துட்டீங்களா டாக்டரம்மா.”

மதிவதனி வளையல்களைக் கழற்றி ஒரு வாளியில் போட்டாள். சேலையை இழுத்துச் செருகினாள். எருமைக்குப் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். கேமராவும் இறங்கியது, ஏகாம்பரமும் சாணியில் மண்டி போட்டார். எருமையின் வால் அவர் முகத்தில் இரண்டு முறை வந்து போனது. மூன்றாவது முறை அவர் இடது கையால் வாலைப் பிடித்துக்கொண்டார்.

“அப்படியே புடிச்சுக்குங்க, நல்லது,” என்றாள் மதிவதனி. கையை உள்ளே விட்டாள்.

கொஞ்ச நேரம் எருமையின் மூச்சு மட்டும் கேட்டது. அவள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். முகம் எதையும் பார்க்கவில்லை. கண்கள் பாதி மூடியிருந்தன. அவளுடைய புத்தி முழுவதும் விரல் நுனிக்குப் போய்விட்டது போலிருந்தது. நெற்றிச்சுட்டி கோணிக்கொண்டு ஒரு காதோரம் தொங்கியது, அதுகூட ஆடவில்லை. ஏகாம்பரம் கல்யாணங்களில் ஆயிரக்கணக்கான பெண்களின் முகங்களைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு முகத்தை அலங்கார அறையில் பார்த்ததில்லை.

விளக்கு பச்சையானது. ஷட்டர் திறந்தது, மெல்ல மூடியது. பட்டை தளர்ந்தது. கேமரா ஒரு கோழிக்குஞ்சைப் போல அவர் கையில் வந்து உட்கார்ந்தது.

இனி அவர் போகலாம். ஆனால் வாலை யார் பிடிப்பது. கேமராவை வைக்கோல் மேல் வைத்துவிட்டு வாலை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கையால் ஃபோனை எடுத்துச் சுகந்தியை அழைத்தார். மண்டபத்திலிருந்து யாரோ ஏற்கெனவே அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். எருமை கத்துகிற சத்தத்துக்கு நடுவே நடந்ததை எல்லாம் சொன்னார். அவள் “அப்படிங்களா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அப்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. மடித்துக்கட்டிய பட்டு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக நந்தகோபால் இறங்கினான். வாழையிலைக்காரர் தன் வண்டி எங்கே நிற்கிறது என்று ஃபோனில் பார்த்து அவனிடம் சொல்லியிருந்தார். வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று யோசித்து வந்தவன், தொழுவத்துக்குள் பார்த்ததும் அதையெல்லாம் மறந்துவிட்டான்.

“இவர்கூட ஓடி வந்துட்டீங்கன்னு சொன்னாங்க,” என்றான்.

“ஓடியெல்லாம் வரலைங்க. வண்டியிலதான் வந்தோம்,” என்றார் ஏகாம்பரம்.

“கன்னு கால்ல கட்டியிருக்கற அந்தக் கயித்தைப் புடிங்க,” என்றாள் மதிவதனி, யாரென்று பார்க்காமலே. “நான் சொல்றப்ப இழுங்க. முரட்டுத்தனமா இழுக்காதீங்க.”

நந்தகோபால் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். அவள் சொன்னபோது இழுத்தான், சொன்னபோது நிறுத்தினான். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது, தும்மியது. ரங்கநாயகி வாய்விட்டு அழுதார். எருமை திரும்பிக் கன்றை நக்கியது. நக்கி முடித்து, கழற்றி வைத்திருந்த கல்யாண மாலையைத் தின்னத் தொடங்கியது.

தொட்டித் தண்ணீரில் கை கழுவும்போது மதிவதனி அந்த ‘சரி’யைப் பற்றி நந்தகோபாலிடம் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

“மாட்டுக்குச் சொன்ன சரியா அது?” என்றான்.

“மாட்டுக்காரருக்கு.”

அவன் நெடுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். “நான் நெசமாவே சரின்னு சொன்னவன்தானுங்க. உங்க ஃபோட்டோவைப் பார்த்துச் சொன்னேன்,” என்றான். பிறகு, “அப்ப இதுவரைக்கும் உங்ககிட்ட யாருமே கேக்கலை. நான் கேட்டர்றேன். என்னைக் கட்டிக்கச் சம்மதமா?”

அவள் அவனை நேராகப் பார்த்தாள். “இல்லைங்க.”

“சரிங்க,” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “இதை மண்டபத்துல யார் சொல்றது?”

இரண்டு பேரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள்.

“நான் படம் மட்டுந்தானுங்க எடுப்பேன்.”

கடைசியில் மதிவதனியே சொன்னாள். சாணி படிந்த பட்டுச்சேலையோடு மேடை ஏறி, நாதஸ்வரக்காரர்களுக்கு வைத்திருந்த மைக்கில் சொன்னாள். அவள் அம்மா மயங்கி விழுந்தார். எழுந்து, நடந்ததை மறுபடி கேட்டுவிட்டு, இந்த முறை நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மயங்கினார். இரண்டு பக்கத்துப் பெரியப்பாக்களும் ஒருவரை ஒருவர் அடிக்கப் போய், வேட்டி அவிழ்ந்ததால் நின்றார்கள். சமைத்தாகிவிட்டது என்பதால் எல்லோரும் சாப்பிட்டார்கள். நந்தகோபால் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து பாயசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தான். அவன் பக்கத்தில் போய் உட்கார யாருக்கும் தைரியம் வரவில்லை. ஏகாம்பரம் போய் உட்கார்ந்தார்.

அந்தப் படம் பரவியது. எருமைக்குப் பின்னால் மணக்கோலத்தில் ஒரு பெண், மேலுதட்டு வியர்வை ஒவ்வொரு துளியும் தெரிகிறது. கையில் பிடித்து எடுத்த படம் என்று யாரும் நம்பவில்லை. கம்பெனி கேமராவைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஒரு வைகாசி முழுக்க அது விற்றுத் தீர்ந்தது. அதன் பிறகுதான் தொல்லைகள் தொடங்கின. தாராபுரத்தில் மாப்பிள்ளையோடு மாட்டிக்கொண்ட படக்காரர் முதலிரவு அறை வாசல் வரைக்கும் போக வேண்டியதாயிற்று. கரூரில் பெண்ணும் மாப்பிள்ளையும் அசையாமல் இருந்தார்கள், பெண்ணின் அப்பா முகத்தில்தான் விளக்கு சிவந்தது. அவரிடம் துருவித் துருவிக் கேட்டதில் ஒரு தோப்பு ரகசியமாகக் கைமாறிய கதை வெளியே வந்தது. எங்கோ ஒரு ஊரில், பதவியேற்ற நகராட்சித் தலைவரோடு ஒட்டிக்கொண்ட படக்காரர் அவர் ராஜினாமா செய்த அன்றுதான் வீட்டுக்குப் போனார் என்கிறார்கள். இது கட்டுக்கதையாக இருக்கலாம். மண்டபக்காரர்கள் எல்லோரும் கூடி, அந்தக் கேமராவுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் பலகை வைத்தார்கள். ஆனால் கல்யாணத்துக்கு முன்பு ரகசியமாக வந்து, “அந்தக் கேமராவுல ஒரு படம் எடுத்துப் பாக்கணும்” என்று ஏகாம்பரத்திடம் கேட்கிற பெண்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பையன்களும் வந்தார்கள்.

“கை நடுக்கத்தை மட்டுந்தான் மாமா நிறுத்தப் பார்த்தேன்,” என்றாள் நிரஞ்சனா. அவள் மெலிந்து போயிருந்தாள். “அது நின்னதுக்கப்புறம்தான், மிச்சம் எவ்வளவு நடுக்கம் இருக்குதுன்னு தெரியுது.” கம்பெனி சொன்னபடி எல்லாக் கேமராவிலும் ஒரு விடுவிப்புப் பொத்தான் வைத்துக்கொடுத்தாள். அதை அமுக்கினால் படம் எடுக்காமலே விட்டுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரேஷன் கார்டுக்குப் புதுப் படம் வேண்டும் என்றாள் சுகந்தி. ஏகாம்பரம் அவளைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். பாதி அமுக்கி, முழுதாக அமுக்கினார்.

சிவப்பு.

“அசையாத.”

“நான் எங்க அசையறேன்.”

குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போனாள், கேமரா போனது, ஏகாம்பரமும் போனார். அவள் அடுப்பை அணைத்தாள், தயிருக்கு உறை ஊற்றினாள், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். மூன்றடி தள்ளி அவர் கூடவே நின்றார். இத்தனை வருஷத்தில் அவள் துணி மடிப்பதை அவர் இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. விளக்கு சிவப்பாகவே இருந்தது.

ஏகாம்பரம் விடுவிப்புப் பொத்தானை அமுக்கினார். கேமராவை அணைத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்ன சுகந்தி?”

“ஒண்ணுமில்லையே.” ஒரு சட்டையை மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். “அன்னிக்கு, நீங்க அந்தப் பொண்ணுகூடப் போயிட்டீங்கன்னு ஃபோன் வந்துச்சு. நீங்க கூப்படற வரைக்கும் நான் அதை நம்பிட்டுத்தான் இருந்தேன்.”

“அதுக்குத்தான் அன்னிக்கே மன்னிப்புக் கேட்டனே.”

“அதில்லைங்க. நான் அழுவலை.” அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “உங்க படம் எடுக்கற ரூமுக்குப் போய் நின்னேன். அங்க ஜன்னல் பெருசு. பீரோவைத் தள்ளிட்டா என்ற தையல் மெசினை அங்க போடலாம்னு நெனச்சேன். நிரஞ்சனாவைக் கூட்டிட்டு ஊட்டிக்கு ஒருக்கா போயிட்டு வரலாம்னு நெனச்சேன். காலைல அவசரமா எந்திரிக்க வேண்டியதில்லைன்னு நெனச்சேன். அதுக்குள்ள எருமை கத்தற சத்தத்தோட நீங்க கூப்பிட்டீங்க.” சட்டையைக் கீழே வைத்தாள். “எனக்குக் கொஞ்சம் ஏமாத்தமாப் போச்சுங்க.”

தையல் மெஷின் இப்போது எங்கே இருக்கிறது என்று ஏகாம்பரம் யோசித்தார். யோசிக்க வேண்டியிருந்தது. கட்டிலுக்கு அடியில், சாக்கு போட்டு மூடி, கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து கிடக்கிறது.

எழுந்தார். “எந்தப் பக்கம் தள்றதா நெனச்ச?”

“எதை?”

“பீரோவை.”

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முன்னால் நடந்து போய், அந்த அறையில், சுவரோரமாக ஓர் இடத்தைக் காட்டினாள்.

பீரோ நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பாதி தூரத்தில் நிறுத்தி, இரண்டு பேரும் அதன் மேல் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள்.

“ஊட்டிக்கு எப்பப் போறீங்க ரெண்டு பேரும்?” என்று கேட்டார் ஏகாம்பரம்.

“முதல்ல அந்தப் பக்கம் தூக்குங்க,” என்றாள் சுகந்தி.